இரவுண்ணா இல்லத்திலும் நெஞ்செரிச்சல் ஏன்?

(பெருவிழாவின் மருத்துவ அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இரவை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் மாலை ஆறு மணிக்குள் உண்டு முடித்துவிட்டார். ஒன்பதரை மணிக்குப் படுத்தவர், பதினோரு மணியளவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். மார்பின் நடுவே தீப்பற்றியது போன்ற எரிச்சல். தொண்டை வரை புளிப்பு. மருமகள் ஓமநீர் கொண்டு வருகிறார். கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தா நோன்புடையவர் ஆதலால், பெரியவர் கையசைத்து மறுக்கிறார். “வாயுதான், விடிந்தால் சரியாகிவிடும்” என்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். பெரியவர் விடியும்வரை நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறார்.

இந்த இரவுக்குள் இரண்டு வினாக்கள் மறைந்துள்ளன. பொழுது சாயுமுன் உண்பவர்க்கு நெஞ்செரிச்சல் ஏன் வந்தது என்பது ஒன்று. அது நெஞ்செரிச்சல்தான் என்று வீட்டார் எவ்வாறு அறிந்தனர் என்பது மற்றொன்று. இரண்டாவது வினா உயிரைப் பற்றியது. எனினும் முதல் வினாவுக்கு விடை தெளிந்தால்தான் இரண்டாவது விளங்கும்.

வாயிலில் உள்ள பழுது

தொண்டையிலிருந்து இரைப்பை வரை இறங்கும் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். அதன் கீழ்முனையில் மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருக்குத்தசை ஒன்று வளையமாக அமைந்துள்ளது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் அவ்விடத்தில் வெளிப்புறமாகப் பற்றிப் பிடிக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும் கதவு இதுவே.

கதவுக்குக் கீழே இருப்பது வலிய அமிலம். இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளது என்பதை வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரைப்பையின் உட்சுவர் தடித்த சளிப்படலத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே அமிலம் மேலேறும்போது எரிகிறது.

“அமிலம் அதிகமாகச் சுரக்கிறது” என்று பலரும் சொல்வதுண்டு. பெரும்பாலோர்க்கு அது பொருந்துவதில்லை. சுரக்கும் அமிலம் இயல்பான அளவே. அது இருக்கக்கூடாத இடத்திற்கு வந்துவிடுகிறது. கதவு ஏன் தவறான நேரத்தில் திறக்கிறது? இரைப்பை உணவாலும் காற்றாலும் விரிந்து புடைக்கும்போது, உள்ளிருக்கும் காற்றை ஏப்பமாக வெளியேற்றுவதற்காக, விழுங்காத நேரத்திலும் அச்சுருக்குத்தசை சிறிது நேரம் தளர்கிறது. ஏப்பத்துடன் அமிலமும் ஏறிவிடுகிறது. இரைப்பை எவ்வளவு புடைக்கிறதோ, அவ்வளவு அடிக்கடி கதவு தளரும். வயிற்றில் சேர்ந்த கொழுப்பு, மகப்பேற்றுக் காலத்தின் பிற்பகுதி, இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் நழுவுதல் ஆகியவையும் கதவைப் பலவீனமாக்குகின்றன.

எப்போதாவது எதுக்களிப்பது எல்லோர்க்கும் இயல்பு. வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ எரிச்சல் வருமானால், அல்லது தூக்கம் கெடுமானால், அது கவனிக்க வேண்டிய நோய். எரிச்சலின்றியும் அந்நோய் வரலாம். காலையில் குரல் கம்முதல், நீங்காத வறட்டிருமல், பற்களின் மேற்பூச்சு தேய்தல், இரவில் இழைப்பு மிகுதல் ஆகியனவும் அதன் குறிகளாக இருக்கக்கூடும்.

இரவு ஏன் கொடியது

பகலில் நிமிர்ந்திருக்கும் உடலில், மேலேறிய அமிலத்தைப் புவியீர்ப்பு கீழே இறக்கிவிடுகிறது. உமிழ்நீர் அமிலத்தை எதிர்க்கும் தன்மை உடையது. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் குழாயைக் கழுவி விடுகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு மிகக் குறைகிறது, விழுங்குதலும் அரிதாகிறது, உடல் கிடைநிலையில் இருக்கிறது. அப்போது ஏறும் அமிலம் நெடுநேரம் தங்கிப் புண்ணாக்குகிறது. ஆகவேதான் கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று மருத்துவம் கூறுகிறது.

பொழுது சாயுமுன் உண்ணும் நெறி உயிர்களுக்கு ஊறு நேராமை கருதி எழுந்தது. வயிற்றின் நலம் கருதி எழுந்ததன்று. ஆயினும் ஆறு மணிக்கு உண்டு பத்து மணிக்கு உறங்குபவர்க்கு நான்கு மணி நேர இடைவெளி இயல்பாகவே கிடைத்துவிடுகிறது. பிற வீடுகளில் மருத்துவர் வற்புறுத்திப் பெற வேண்டியதை இந்நெறி கேளாமலே தருகிறது. அவ்வாறிருந்தும் எரிச்சல் வருமானால், பழுது நெறியில் இல்லை. அதைச் சூழ்ந்த பழக்கங்களில் உள்ளது.

எங்கே நழுவுகிறது

முதலாவது, விரைவு. சென்னையில் சூலைத் திங்களில் கதிரவன் 6.40 மணியளவில் மறைகிறான். நவம்பர் இறுதியிலோ 5.40 மணிக்கே மறைந்துவிடுகிறான். அலுவலகத்திலிருந்து ஓடி வருபவர்க்குக் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பறிபோகிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்தில், மெல்லாமல் விழுங்கும் உணவுடன் காற்றும் இறங்குகிறது. இரைப்பை புடைக்கிறது, கதவு தளர்கிறது. குளிர்காலத்தில் அலுவலகத்திற்கே சிறு மாலை உணவைக் கொண்டு சென்று, ஐந்து மணிக்கு அமைதியாக உண்பது இதற்கு நல்ல வழி.

இரண்டாவது, அளவு. “இனி விடியும்வரை ஒன்றுமில்லை” என்னும் எண்ணம் ஒரு கரண்டி சோற்றை இரண்டாக்குகிறது. இரவுக்கான பசியையும் மாலையிலேயே தீர்த்துவிட முயல்வோர் உளர். புறத்தவங்களுள் ஒன்றாகிய அவமோதரியம், வயிறு நிறையுமுன் கையை எடுப்பதைக் கற்பிக்கிறது. இரவு உண்ணாமையைக் காத்து, அவமோதரியத்தை மறந்தால், உடலுக்குக் கிட்டும் பயனில் பாதி போய்விடும். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயருடையது. அதுவும் மூலிகைகளைப் பட்டியலிடாமல், உணவின் அளவையும் செரிமானத்தையுமே பெரிதும் பேசுகிறது என்பது எண்ணத்தக்கது.

மூன்றாவது, நண்பகல் உறக்கம். இரவில் காக்கும் இடைவெளியைப் பகலில் காப்பவர் சிலரே. நண்பகலில் சாம்பார், காரக்குழம்பு, மோர் என்று நிறைய உண்டு, இலை எடுத்த கையோடு பாயில் சாய்வது பல வீடுகளில் வழக்கம். இரைப்பைக்குப் பகல், இரவு என்ற வேறுபாடு தெரியாது. சாய்ந்த உடல் மட்டுமே தெரியும். உண்டபின் அமர்ந்தோ மெல்ல நடந்தோ இருப்பதும், களைப்பு மிகுந்தால் சாய்வு நாற்காலியில் ஓய்வெடுப்பதும் தகும்.

நான்காவது, பாரணை. உபவாசம் முடிந்த காலையில் விருந்துபோல் இலை விரிப்பது அன்பின் மிகுதியால் நிகழ்வது. ஒரு நாளோ பல நாளோ ஓய்ந்திருந்த இரைப்பைக்கு, பொரித்தவையும் இனிப்பும் காப்பியும் ஒருங்கே வருவது பெருஞ்சுமை. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெல்லவே வெளியேறும். கஞ்சி, பாசிப்பருப்பு நீர் போன்றவற்றைச் சிறிதளவு கொண்டு தொடங்கி, இரண்டு மூன்று வேளைகளில் படிப்படியாக இயல்பான உணவுக்குத் திரும்புதல் நலம். நீரிழிவு நோயாளரும், வலிநிவாரணி மாத்திரைகளை உட்கொள்வோரும் மருத்துவரிடம் கேளாமல் உபவாசம் ஏற்றல் கூடாது.

ஐந்தாவது, நீரின்றி விழுங்கும் மாத்திரை. இதைப் பலர் அறியார். இரவில் நீர் அருந்தாத நோன்புடையோர் சிலர், படுக்கப் போகும்போது மாத்திரையை உமிழ்நீராலேயே விழுங்கிவிடுகின்றனர். அது உணவுக்குழாயில் ஒட்டி, அங்கேயே கரைந்து புண்ணாக்கக்கூடும். வலிநிவாரணிகள், இரும்புச்சத்து மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட், டாக்சிசைக்ளின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் இவ்வாறு புண்ணாக்குவதில் முன்னிற்பவை. எந்த மாத்திரையையும் ஒரு குவளை நீருடன் நிமிர்ந்து அமர்ந்து விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருத்தல் வேண்டும். இரவு மாத்திரை எழுதப்பட்டிருந்தால், “இதைக் கதிரவன் மறையுமுன் உட்கொள்ளலாமா?” என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதே முறை. பல மருந்துகளுக்கு நேரத்தை மாற்ற இயலும். எதற்கு இயலும், எதற்கு இயலாது என்பதை அவரே சொல்ல வேண்டும். கேட்கத் தயங்கி, வீட்டில் தாமே மாற்றிக்கொள்வதுதான் தீங்கு.

வீட்டிலேயே செய்யத் தக்கவை

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டையோ செங்கல்லோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தினால், அமிலம் ஏறுவது குறையும். தலையணைகளை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும், பயன் குறைவு. இடப்பக்கமாகச் சரிந்து படுத்தல் நல்லது. அந்நிலையில் இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாயின் வாயிலுக்குக் கீழே அமைகிறது. வலப்பக்கம் படுத்தால் அது தலைகீழாகிறது.

உடல் எடை மிகுந்தோர்க்கு எடை குறைப்பதைப் போன்ற மருந்து வேறில்லை. வேட்டியையும் உள்பாவாடை நாடாவையும் வயிறு அழுந்த இறுக்கிக் கட்டுவதைத் தவிர்க்கலாம். புகையிலை எவ்வடிவிலும் வேண்டா.

உணவில் எல்லோர்க்கும் பொதுவான விலக்குப் பட்டியல் இல்லை. எண்ணெயில் பொரித்தவை, காப்பி, சாக்லெட், புதினா, மிகுந்த காரம், மிகுந்த புளி ஆகியவை பலர்க்கு எரிச்சலைத் தூண்டும். சிலர்க்கு ஒன்றும் செய்யா. இரண்டு வாரம் உண்டவற்றையும் எரிச்சல் வந்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், தமக்கு ஆகாதது எது என்பதை ஒருவர் தாமே கண்டுகொள்வார். அதை மட்டும் விலக்கினால் போதும். வேண்டாத அச்சத்தால் எல்லாவற்றையும் விலக்கி மெலிவது நோயைவிடத் தீது.

மருந்தும் அதன் வரம்பும்

அமிலத்தைத் தணிக்கும் நீர்மருந்துகள் விரைவில் ஆற்றும், விரைவில் அடங்கிவிடும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து போன்றவற்றை உடல் ஏற்பதை அவை தடுக்கக்கூடும் என்பதால் இடைவெளி வேண்டும். சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பது பழைய வழக்கம். அதில் சோடியம் மிகுதி. இரத்த அழுத்தமோ இதய நோயோ சிறுநீரக நோயோ உடையவர்க்கு அது தீங்கு.

1980களின் இறுதியில் வழக்கிற்கு வந்த ஒமிப்ரசோலும், அதன் பின் வந்த பான்டோபிரசோல், இரபெப்ரசோல் முதலியவையும் அமிலச் சுரப்பையே அடக்குவன. இவை உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் உட்கொள்ளப்பட வேண்டும். உணவு தூண்டும் நேரத்தில்தான் அமிலம் சுரக்கும் பொறிகள் விழிக்கின்றன, அப்போது மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். உண்டபின் விழுங்கினால் பயன் குறையும். இரண்டு வேளை எழுதப்பட்டிருந்தால், இரண்டாவது மாத்திரை ‘இரவு’ என்று சீட்டில் இருந்தாலும், அது கடைசி உணவுக்கு முன் என்பதையே குறிக்கும். மாலை ஐந்தரைக்கு உண்பவர்க்கு அது ஐந்து மணி மாத்திரை. தம் உணவு நேரத்தை மருத்துவரிடம் சொல்லாதவர்க்கு இந்தப் பயன் கிட்டாது.

இம்மாத்திரைகளைக் குறித்த காலத்திற்கு, பெரும்பாலும் எட்டு வாரம் வரை, கொடுத்துப் பின் மறுஆய்வு செய்வதே முறை. ஆண்டுக்கணக்கில் தாமே கடையில் வாங்கி விழுங்குவோர் ஒன்றை எண்ண வேண்டும். உணவிலிருந்து பி12 உயிர்ச்சத்தைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் தேவை. புலால் உண்ணாதார்க்கு அவ்வுயிர்ச்சத்தின் இயற்கையான வழி பெரும்பாலும் பாலும் தயிருமே. ஆகவே இருப்பு ஏற்கெனவே குறைவு. அமிலத்தையும் நெடுங்காலம் அடக்கினால் அது மேலும் குறையலாம். நீரிழிவுக்கு மெட்பார்மினும் உட்கொள்வோர்க்கு இன்னும் குறையலாம். கை கால் மரத்துப்போதல், மறதி, இரத்தசோகை, தள்ளாட்டம் ஆகியவற்றை முதுமை என்று ஒதுக்காமல், பி12 அளவைச் சோதித்துக்கொள்வது தாவர உணவினர்க்குக் கட்டாயமாகத் தகும். எனினும் நெடுநாள் உட்கொண்ட மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அமிலம் சிறிது காலம் மிகுந்து பொங்கும்; மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும்.

கேப்சூல்களின் மேற்கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. இதை அறிந்தபின் மருந்தையே நிறுத்திவிடுவோர் உண்டு, அது தேவையில்லை. பான்டோபிரசோலும் இரபெப்ரசோலும் மாத்திரை வடிவிலேயே கிடைக்கின்றன; தாவரப் பொருளால் ஆன கூடுகளும் உள்ளன. மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இம்மாத்திரைகளைப் பொடித்தோ மென்றோ உட்கொள்ளலாகாது. அவற்றின் மேற்பூச்சு சிதைந்தால் மருந்து இரைப்பை அமிலத்திலேயே அழிந்துவிடும். சித்த மருத்துவச் சூரணங்களைத் தேனில் குழைக்கச் சொன்னால், தேன் விலக்கியவர் அதைச் சொல்லி வேறு துணைமருந்து கேட்டறியலாம்.

எப்போது காத்திருக்கலாகாது

விழுங்கும்போது அடைத்தல், விழுங்கும்போது வலி, காரணமின்றி உடல் இளைத்தல், இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாகத் தோன்றும் தொடர் எரிச்சல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அகநோக்கிச் சோதனை தேவைப்படலாம். பல ஆண்டுகள் அமிலம் படிந்த உணவுக்குழாயில் உட்சுவர் உருமாறுவது உண்டு. மிகச் சிலர்க்கு அது புற்றுநோயாகலாம். முன்னரே கண்டால் கண்காணிக்கவும் சிகிச்சை செய்யவும் வழிகள் உள்ளன.

இனி, தொடக்கத்தில் கூறிய இரண்டாவது வினா. நெஞ்சில் எழும் எரிச்சல் அமிலத்தால் வந்ததா, இதயத்தால் வந்ததா என்பதை வீட்டில் இருந்தபடி உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. இரண்டிற்கும் நரம்பு வழிகள் நெருங்கியவை. மருத்துவரே இதயத் துடிப்புப் பதிவும் இரத்தச் சோதனையும் பார்த்தே பிரித்தறிகிறார். மார்பில் அழுத்தமோ இறுக்கமோ தோன்றல், வலி இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல், நடக்கும்போது மிகுந்து நின்றால் தணிதல் ஆகியவை இதயத்தைச் சுட்டுவன. நீரிழிவு நோயாளர்க்கும் பெண்களுக்கும் முதியோர்க்கும் இக்குறிகள் தெளிவாக வாராமல், வெறும் எரிச்சலாகவும் குமட்டலாகவும் களைப்பாகவும் வரக்கூடும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை அழிகிறது. “வாயு” என்று பெயரிட்டுக் கழிக்கும் நேரம் திரும்ப வாராதது.

ஆகவே அந்தப் பெரியவரின் வீட்டார் செய்ய வேண்டியது என்ன? ஐயம் எழுந்த உடனே 108 எண்ணை அழைத்தல் வேண்டும். விடியலுக்குக் காத்தல் கூடாது. மருத்துவமனைக்குச் செல்வதற்கு எந்த நோன்பும் தடையன்று. அவசர நேரத்தில் மருந்தும் நீரும் ஏற்பது குறித்து நோன்புடையோர் தம் ஆசாரியரிடம் பகற்பொழுதில், நலமாக இருக்கும்போதே கேட்டுத் தெளிந்து, அந்த முடிவைப் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் சொல்லி வைத்தல் வேண்டும். நள்ளிரவில், வலியின் நடுவில், அந்த வினாவை எழுப்பி வீடு கலங்கி நிற்கலாகாது. சோதனையில் அது வெறும் எதுக்களிப்பு என்று தெரிந்தால், வீண் அலைச்சல் என்று வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

அதன்பின் மறுநாள் காலையில், அந்த வீட்டில் நான்கு சிறு மாற்றங்கள் நிகழலாம். கட்டிலின் தலைப்பக்கம் உயரட்டும். மாலை உணவு அரைமணி நேரம் முன்னே வரட்டும். இலையில் ஒரு கரண்டி குறையட்டும். நண்பகல் பாய் சுருட்டியபடியே இருக்கட்டும். பொழுது சாயுமுன் உண்ணும் நெறியை முன்னோர் கையளித்துச் சென்றனர். அதனோடு குறைத்து உண்பதையும் நிதானமாக உண்பதையும் சேர்த்துக் காத்தால், அந்தப் பெரியவர்க்கு நாற்காலியில் விடியும் இரவுகள் குறையும்.